செக்போஸ்ட் இல்லாத எல்லை: நாடுகள் சேர்ந்து சைபர் பாதுகாப்பு பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி கூடலூரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பத்து வருடம் பெங்களூரில் நைட் ஷிப்ட். வெளிநாட்டுக் கம்பெனிகளின் சர்வருக்குள் யாராவது புகுந்திருக்கிறார்களா என்று திரையைப் பார்த்துக்கொண்டே விடியவைக்கிற வேலை. கடைக்கு வருகிறவர்களில் தேயிலைத் தொழிற்சாலை நடத்துபவர் உண்டு, ஹோம்ஸ்டே வைத்திருப்பவர் உண்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உண்டு, இலங்கையில் சொந்தபந்தம் உள்ள எங்கள் ஆட்கள் நிறையவே உண்டு. எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைக் கேட்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கரன்ட் இருந்த நேரத்தில் எழுதியது, அதனால் சில பதில் நீளம், சில பதில் குட்டை.

"நாடுகள் சேர்ந்து சைபர் பாதுகாப்புக் கொள்கை" என்று செய்தியில் அடிக்கடி வருகிறதே அக்கா, உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

யானைக் கணக்கெடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முதுமலை நம்முடையது, பந்திப்பூர் கர்நாடகத்துடையது, வயநாடு கேரளத்துடையது; யானைக்கு அது மொத்தமும் ஒரே காடு. நாம் ஜனவரியில் எண்ணி, அவர்கள் ஜூனில் எண்ணினால் ஒரே கொம்பன் இரண்டு நோட்டிலும் ஏறிவிடுவான், இல்லாவிட்டால் இரண்டிலும் விடுபட்டுப் போவான். அதனால்தான் 2023 மே மாதம் தென் மாநிலங்கள் பேசிவைத்து ஒரே நாட்களில், ஒரே முறையில் எண்ணின.

நாடுகள் செய்யப் பார்ப்பதும் ஏறக்குறைய இதுதான். எதைத் தாக்குதல் என்று கணக்கில் எடுப்பது, எவ்வளவு நேரத்துக்குள் சொல்வது, யாரிடம் சொல்வது, ராத்திரி இரண்டு மணிக்கு அடுத்த நாட்டில் போனை எடுக்கப்போகிறவர் யார் என்பதையெல்லாம் பிரச்சினை வருவதற்கு முன்பே பேசி வைப்பது. மாநாடு, கூட்டறிக்கை, கைகுலுக்கும் போட்டோ எல்லாம் இந்த வேலைக்கு ஆகிற செலவு, அவ்வளவே.

ஒவ்வொரு நாடும் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டால் போதாதா?

போதாது என்பதற்கு ஒரே ஒரு கதை சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த திருட்டு இது (பிடித்த என்றால், சொல்லிக்கொடுப்பதற்கு).

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் முன்பே புகுந்து உட்கார்ந்திருந்த திருடர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் உள்ள அந்த நாட்டுக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும்படி, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக 35 உத்தரவுகளைப் போட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 95 கோடி டாலர். நாள் பார்த்த விதத்தைக் கவனியுங்கள். வெள்ளி, சனி டாக்காவில் வார விடுமுறை. டாக்கா விழித்து அலறியபோது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. திங்கள் விடிந்ததும் பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு லீவு. மூன்று நாட்டுக் காலண்டர்களுக்கு நடுவில் இருந்த சந்துக்குள் நுழைந்து 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய், சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இன்னொரு 2 கோடி டாலர் இலங்கைக்குப் போக வேண்டியது. பெறுபவரின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைத் தப்பாக எழுதியிருந்ததால் இடையில் இருந்த ஜெர்மன் வங்கி ஒன்று சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டது, அந்தப் பணம் மட்டும் தப்பித்தது.

வங்கதேசம் பூட்டியிருந்தால் நடந்திருக்காது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் உள்ளே புகுந்த பிறகு பணத்தை நிறுத்த நாலு நாள் இருந்தது. நாலு நாளும் அவர்கள் அனுப்பிய செய்தியைப் பார்க்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. திருடன் நாலு நாட்டையும் ஒரே ஊராகப் பார்த்தான், நாலு நாடும் தன்னைத் தனி ஊராகப் பார்த்தது.

அடுத்த வருடம், 2017 மே 12, வான்னாக்ரை என்ற கணினிப் புழு விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் போடாமலே இருந்தார்கள், 150க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. புழுவுக்கு பாஸ்போர்ட் தேவையில்லை.

சரி, இது எங்கேயாவது உருப்படியாக நடக்கிறதா?

இருப்பதில் உருப்படி ஐரோப்பிய ஒன்றியம்தான். 27 நாடு, 24 ஆட்சிமொழி. அவர்களே தடுமாறித்தான் வந்தார்கள், அந்தத் தடுமாற்றத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

2004லேயே எனிசா என்ற சைபர் பாதுகாப்பு அமைப்பை ஆரம்பித்து கிரீஸின் கிரீட் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். அரசியல் கணக்கில் சரி, வேலை செய்பவனுக்குத் தூரம். பின்னால் ஏதென்ஸுக்கு மாறியது. நெடுநாள் அது ஆலோசனை மட்டும் சொல்லும் அமைப்பு, அதுவும் தவணை வைத்து நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. 2019ல் வந்த சட்டம்தான் அதை நிரந்தரமாக்கியது.

நடுவில் 2016ல் என்.ஐ.எஸ். என்ற உத்தரவு. மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து, வங்கி, ஆஸ்பத்திரி மாதிரியான அத்தியாவசியச் சேவைகள் எவை என்று ஒவ்வொரு நாடும் தானே பட்டியல் போட்டு, அவற்றைக் கண்காணிக்க வேண்டும் என்றது. போட்டார்கள். ஒரு நாடு இருபதைச் சொன்னது, பின்லாந்து பத்தாயிரத்துக்கும் மேல் சொன்னது. ஒரே உத்தரவு, ஒரே சொல், ஆளுக்கொரு அர்த்தம். யானையை எண்ணச் சொன்னால் ஒருவர் கொம்பனை மட்டும் எண்ணினார், இன்னொருவர் சாணத்தையெல்லாம் எண்ணினார் என்கிற கதை.

அதனால் 2022ல் என்.ஐ.எஸ்-2 கொண்டுவந்து, பட்டியல் போடும் வேலையை நாடுகளிடமிருந்து பெரும்பாலும் பிடுங்கிவிட்டார்கள். 18 துறைகள், அந்தத் துறையில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி என்றால் பொதுவாக நீ உள்ளே, அவ்வளவுதான். தாக்குதல் தெரிந்ததும் 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கை, 72 மணிக்குள் விவரம், ஒரு மாதத்தில் முழு அறிக்கை. மீறினால் பெரிய நிறுவனங்களுக்கு 1 கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 2 சதவீதம், எது அதிகமோ அது வரை அபராதம். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் "அதெல்லாம் ஐடி பையன் பார்த்துக்கொள்வான்" என்று நழுவ முடியாதபடி அவர்களையும் பொறுப்பில் இழுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தச் சட்டத்திலும் எனக்குப் பிடித்தது இந்த ஒரு இடம்தான்.

எல்லா நாடும் ஒழுங்காக அமல்படுத்திவிட்டதா?

எங்கே! 2024 அக்டோபர் 17 கெடு. நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் 23 நாடுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 27ல் 23. ஜெர்மனியே 2025 டிசம்பரில்தான் தன் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. பணமும் ஆளும் நீதிமன்றமும் பொது நாணயமும் இருக்கிறவர்களுக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் தேயிலைத் தொழிற்சாலை வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் தூள் வாங்குகிறவர் திடீரென்று 80 கேள்வி உள்ள ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருக்கிறார். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியைப் போன வருடத்திலிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். உணவுப் பொருள் தயாரிப்பும் மொத்த விற்பனையும் என்.ஐ.எஸ்-2 பட்டியலில் இருக்கின்றன. உங்களிடம் வாங்கும் கம்பெனி அந்தச் சட்டத்துக்குள் வந்தால், தனக்குச் சரக்கும் சேவையும் தருகிறவர்களால் வரக்கூடிய ஆபத்தையும் அது பார்த்தாக வேண்டும். பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டம் ஹாம்பர்க் வழியாக இறங்கி, உங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் தம்பியின் மேஜைக்கு வந்திருக்கிறது. உங்களுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் வாங்குகிறவர் கேட்கிறார், பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டு அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. இல்லாததை இல்லை என்று எழுதி, எப்போது செய்வீர்கள் என்று ஒரு தேதி போடுங்கள். அவர்களும் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மெயிலுக்கு இரண்டடுக்கு உறுதிப்பாடு, பேக்கப்பை வேறு இடத்தில் வைத்து மாதம் ஒருமுறை உண்மையிலேயே திறந்து பார்ப்பது, வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை அன்றே நிறுத்துவது. இந்த மூன்றும் இருந்தால் பாதி ஷீட் நிரம்பிவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பந்தலூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையின் மெயிலுக்குள் எவனோ ஒருவன் ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறான். சரக்குக் கப்பல் ஏறியதும் இன்வாய்ஸில் பேங்க் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டான். அவரும் கட்டிவிட்டார், மூன்றாவதாக ஒரு நாட்டில் இருந்த கணக்கில். அவர் அவருடைய போலீஸிடம் போனார், இவர் இங்கே போனார், பணம் இரண்டு பேர் ஊரிலும் இல்லை. 'சம்பந்தப்பட்ட நாட்டுக்கு எழுதியிருக்கிறோம்' என்ற பதில் வருவதற்கே 11 வாரம். அதற்குள் அந்தக் கணக்கு துடைத்து மெழுகிய மாதிரி இருந்தது.

ஆசியான், ஆப்பிரிக்கா பக்கமெல்லாம் எப்படி?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் ஐரோப்பா மாதிரி அபராதம் போடும் பழக்கம் இல்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே நகரும் வண்டி அது. ஆனாலும் 2018ல், நாடுகள் இணையத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற ஐ.நா.வின் 11 நெறிகளைக் கொள்கையளவில் ஏற்ற முதல் வட்டாரக் கூட்டமைப்பு அதுதான். சிங்கப்பூர் முன்னால் நின்று பயிற்சி மையம் நடத்துகிறது, செலவும் பெரும்பாலும் அவர்கள் தலையில். ஒரு கூட்டத்தில் ஒருவராவது கைக்காசு போட்டு இழுத்தால்தான் நடக்கும் என்பது நம்ம ஊர் சங்கங்களுக்கும் தெரிந்த சங்கதி.

ஆப்பிரிக்க ஒன்றியம் 2014லேயே மலாபோ நகரில் ஒரு ஒப்பந்தத்தை ஏற்றது. 15 நாடுகள் உறுதிசெய்தால் அமலுக்கு வரும் என்று விதி. அந்த 15வது நாடு வர 2023 ஆகிவிட்டது. ஒன்பது வருடத்தில் திருட்டு எவ்வளவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்ம பக்கம்? சார்க் ஏதாவது செய்கிறதா?

சார்க் உச்சி மாநாடு கடைசியாக நடந்தது 2014ல், காத்மாண்டுவில். அதோடு சரி.

அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன வட்டங்கள் முளைத்திருக்கின்றன. அதில் நமக்கு முக்கியம் கொழும்பு பாதுகாப்பு மாநாடு என்கிற அமைப்பு. இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் ஆரம்பித்து, மொரீஷியஸ், வங்கதேசம் என்று சேர்ந்துகொண்டே வருகிறது. அதன் ஐந்து வேலைப் பிரிவுகளில் ஒன்று சைபர் பாதுகாப்பும் முக்கியக் கட்டமைப்புகளின் பாதுகாப்பும். அப்புறம் வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக், அப்புறம் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த குவாட். ஒரே நாடு பல வட்டத்தில் இருப்பது நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் தனிப் படிவம், தனிக் கூட்டம். மாலத்தீவு மாதிரி சின்ன நாட்டில் இதையெல்லாம் பார்க்க எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அதே ஆள் கூட்டத்துக்கும் போக வேண்டும், ஊரில் சர்வர் விழுந்தாலும் ஓட வேண்டும்.

சத்தமில்லாமல் வேலை நடக்கும் இடம் வேறு. நாடுகளின் அவசர உதவிக் குழுக்கள், செர்ட் என்பார்கள். இந்தியாவுடையது செர்ட்-இன், 2004ல் ஆரம்பித்தது. இலங்கையுடையது 2006. இவர்களுக்கு ஆசிய பசிபிக் அளவில் 2003லிருந்து ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, வருடம் தவறாமல் சேர்ந்து ஒரு ஒத்திகை நடத்துகிறார்கள். அமைச்சர்கள் பேசாத காலத்திலும் இந்த இன்ஜினியர்கள் பேசிக்கொள்வார்கள். என் பத்து வருட அனுபவத்தில் ஒரு பிரச்சினை சீக்கிரம் தீர்ந்தது என்றால், அங்கே உள்ளவரை இங்கே உள்ளவருக்கு ஏற்கெனவே பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரிந்திருக்கும்.

புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் இலங்கை இருக்கிறதாமே, இந்தியா ஏன் இல்லை?

இது எங்கள் வீட்டிலேயே வந்த கேள்வி. என் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை ஹட்டனிலிருந்து வந்து, சேரம்பாடியில் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் பெயர் பதிந்தவர். அவருடைய தங்கை குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. ஆக, குடும்பத்தில் பாதி புடாபெஸ்ட் ஒப்பந்தத்துக்கு உள்ளே, பாதி வெளியே.

சைபர் குற்றம் பற்றிய முதல் பன்னாட்டு ஒப்பந்தம் அது. 2001 நவம்பரில் கையெழுத்துக்குத் திறந்தார்கள், 2004ல் அமலுக்கு வந்தது. ஐரோப்பா கவுன்சில் எழுதியது என்றாலும் வெளியார் சேரலாம். இப்போது சுமார் 80 நாடுகள் இருக்கின்றன. தெற்காசியாவில் முதலில் சேர்ந்தது இலங்கை, 2015ல். சேர்ந்தால் என்ன லாபம் என்றால், 24 மணி நேரமும் வாரம் ஏழு நாளும் போன் எடுக்க ஒவ்வொரு நாட்டிலும் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். லாக் (கணினியில் யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு) அழிந்துபோவதற்குள் "அதை அப்படியே பிடித்து வை, பேப்பர் பின்னால் வரும்" என்று கேட்கலாம்.

இந்தியா சொல்லும் காரணம் இரண்டு. ஒன்று, எழுதும்போது எங்களைக் கூப்பிடவில்லை, எழுதி முடித்ததில் கையெழுத்துக் கேட்கிறீர்கள். இரண்டு, அதன் 32வது பிரிவில் ஒரு இடம்: தகவலை வெளியிடச் சட்டப்படி உரிமை உள்ளவர் சம்மதித்தால், அந்த நாட்டு அரசைக் கேட்காமலே எல்லை தாண்டி அந்தத் தகவலை எடுக்கலாம். இது இறையாண்மையில் கைவைப்பது என்பது இந்தியாவின் வாதம். இரண்டாவது காரணம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். முதல் காரணத்தைக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காத கோபமாகத்தான் பார்க்கிறேன். இருபது வருடம் ஆகிவிட்டது, சாப்பாட்டுக்காவது போயிருக்கலாம்.

இப்போது ஐ.நா.வே ஒன்று கொண்டுவந்திருக்கிறதே?

ஆமாம். 2019ல் ரஷ்யா முன்வைத்த தீர்மானத்தில் ஆரம்பித்து, 2024 டிசம்பர் 24 அன்று பொதுச்சபை ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்கு வைத்தார்கள். 40 நாடுகள் உறுதிசெய்த பிறகுதான் அமல். எல்லா நாடும் உட்கார்ந்து எழுதியது என்ற பெருமை அதற்கு உண்டு. பத்திரிகையாளர்களையும் ஆட்சியை எதிர்ப்பவர்களையும் வேவு பார்க்க அரசுகளுக்கு இது வழி செய்யும் என்று மனித உரிமை அமைப்புகள் கத்திக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பயம் வெறும் பயம் இல்லை, பாதுகாப்புக் குறைவாக இருக்கும் நாட்டில் இது எப்படிப் பயன்படும் என்று எனக்கும் சந்தேகம் இருக்கிறது.

இந்தியாவில் ஆறு மணி நேரத்தில் சொல்ல வேண்டும், ஐரோப்பாவில் 24 மணி. எது சரி?

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் போட்ட உத்தரவு அது. சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கணினியின் கடிகாரத்தையும் அரசு சொல்லும் நேரத்தோடு ஒத்துப்போக வைக்க வேண்டும்.

கடிகார விஷயத்தைப் பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. இரண்டு சர்வரின் கடிகாரம் ஏழு நிமிடம் தள்ளியிருந்தால் திருடன் முதலில் எந்தக் கதவில் நுழைந்தான் என்றே கண்டுபிடிக்க முடியாது, அந்த வேதனையைப் பட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் 6 மணி நேரம் கொஞ்சம் அதிகப்படி. முதல் ஆறு மணியில் உங்களுக்கே என்ன நடந்தது என்று தெரியாது. இருக்கிற நாலு பேரில் இரண்டு பேர் தீயை அணைப்பதை விட்டுவிட்டுப் படிவம் நிரப்புவார்கள். ஐரோப்பாக்காரர்கள் செய்த மாதிரி, முதலில் ஒற்றை வரி, விவரம் அப்புறம் என்று பிரித்தது புத்திசாலித்தனம்.

உண்மையான தலைவலி எது சரி என்பதில் இல்லை. ஒரே கம்பெனி பெங்களூரிலும் பெர்லினிலும் சிங்கப்பூரிலும் இருந்தால், ஒரே சம்பவத்துக்கு மூன்று கெடு, மூன்று படிவம், மூன்று விதமான 'சம்பவம்' என்ற சொல். பந்திப்பூர் கேட் ராத்திரி 9 மணிக்கு மூடும், காலை 6 மணிக்குத் திறக்கும் என்பது 2009லிருந்து எல்லா டிரைவருக்கும் மனப்பாடம், அதனால் மைசூரிலிருந்து கிளம்பும் நேரத்தை அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே ரோட்டில் மூன்று கேட், மூன்றும் வேறு வேறு நேரத்தில் மூடினால் என்ன ஆகும்? அதுதான் இப்போதைய நிலை.

அடுத்த நாட்டுக்கு நம்ம ஓட்டையைச் சொன்னால், அவனே அதில் நுழைய மாட்டானா?

நுழையலாம். அதனால்தான் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்வதில்லை. இதற்கென்றே டிராஃபிக் லைட் முறை என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. சிவப்பு என்று குறித்து அனுப்பினால், அந்தக் கூட்டத்தில் இருப்பவர் காதோடு நிற்க வேண்டும். மஞ்சள் கலந்த ஆம்பர் என்றால், உங்கள் நிறுவனத்துக்குள்ளும் அதன் வாடிக்கையாளரிடமும், தெரிந்தே ஆகவேண்டியவருக்கு மட்டும். பச்சை என்றால் துறையில் உள்ளவர்களுக்குச் சொல்லலாம். யாருக்கும் சொல்லலாம் என்பதை முன்பு வெள்ளை என்றார்கள், 2022லிருந்து அதற்குப் பெயர் 'கிளியர்'. இது சட்டம் இல்லை, மீறினால் ஜெயில் இல்லை. ஒருமுறை மீறியவருக்கு அடுத்த முறை சிவப்பு வராது. அந்தப் பயம் சட்டத்தைவிட நன்றாக வேலை செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

தாக்குவதே ஒரு நாடாக இருந்தால் இந்த ஒப்பந்தமெல்லாம் என்ன செய்யும்?

நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான் செய்யும். 2007ல் எஸ்தோனியா முழு நாடும் வாரக்கணக்கில் திணறியது, வங்கி, பத்திரிகை, அரசு இணையதளம் எல்லாம். அதற்கு அடுத்த வருடமே நேட்டோவின் சைபர் மையம் அவர்களுடைய தலைநகரான டாலினில் வந்தது. 2015ல் ஐ.நா. நிபுணர் குழு அந்த 11 நெறிகளைச் சொன்னது: மக்களுக்குச் சேவை செய்யும் முக்கியக் கட்டமைப்பைச் சேதப்படுத்தாதே, இன்னொரு நாட்டின் செர்ட் குழுவைத் தாக்காதே, உன் செர்ட் குழுவை ஆயுதமாக்காதே. கடைசி இரண்டும் போர்க்களத்தில் ஆம்புலன்ஸைச் சுடாதே என்பது மாதிரி. எல்லாரும் தலையாட்டினார்கள். கட்டாயப்படுத்த யாரும் இல்லை.

நம்ம மாநிலத்திலேயே 2019ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் வைரஸ் இருந்தது. அணு உலையை இயக்கும் கணினிகள் தனியாக இருந்ததால் அதுவரை போகவில்லை. முதல் நாள் இல்லை என்றார்கள், மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நாட்டுக்கு உள்ளேயே ஒரு சம்பவத்தைச் சொல்ல இவ்வளவு கூச்சம் இருக்கும்போது, அடுத்த நாட்டுக்காரனிடம் மனம் திறந்து சொல்வோம் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்தான்.

கையெழுத்துப் போட்டால் ஹேக்கிங் நின்றுவிடுமா?

நிற்காது.

அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?

திருட்டு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இடம் மாறாமல் இருப்பதற்கு. 2024 மே 7லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் சேர்த்தே இ-பாஸ் வைத்தது. ஊட்டிக்கு மட்டும் வைத்திருந்தால் அந்த வாரமே வண்டியெல்லாம் கொடைக்கானல் மலையில் ஏறியிருக்கும். கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்களும் அப்படித்தான், எங்கே சட்டம் தளர்வோ, எங்கே பேக்கப் இல்லையோ அங்கே போவார்கள். 2022ல் கான்டி என்ற கும்பல் கோஸ்டாரிகாவின் நிதி அமைச்சகத்தை முடக்கியது. வரி வசூல், சுங்கம் எல்லாம் நின்று, புதிதாகப் பதவியேற்ற அதிபர் மே 8 அன்று தேசிய நெருக்கடி நிலையே அறிவித்தார். 50 லட்சம் சொச்சம் பேர் உள்ள நாடு.

வெளிநாட்டு எண்ணிலிருந்து ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் போடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், முதல் சில மணி நேரம்தான் எல்லாம். பணம் இன்னும் இந்திய வங்கிகளுக்குள் கைமாறிக்கொண்டிருந்தால் முடக்க முடியும். எல்லை தாண்டிவிட்டால் மேலே சொன்ன 11 வாரக் கதைதான். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுத்தில் பதியுங்கள், பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். 'பணத்தை மீட்டுத் தருகிறேன்' என்று அடுத்து ஒருவர் கூப்பிடுவார், அவரும் அதே கூட்டம்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்கிறார்கள். தம்பியை அனுப்பலாமா?

யார் மூலம், எந்தக் கம்பெனி என்று தெளிவாகத் தெரியாமல் அனுப்பாதீர்கள். தாய்லாந்தில் இறக்கி, ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, உலகத்தையெல்லாம் ஏமாற்றும் வேலையில் உட்காரவைக்கிறார்கள். 2022ல் தமிழ் இளைஞர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டு வந்தார்கள். உங்களுக்கு வரும் மோசடி போனின் அந்தப் பக்கத்தில் அடி வாங்கிக்கொண்டு பேசுவது நம்ம ஊர்ப் பையனாகவே இருக்கலாம். ஆள் இந்தியர், அடைத்து வைத்திருக்கும் இடம் மியான்மர், வழி தாய்லாந்து, பணம் இன்னொரு நாடு, ஏமாந்தவர் எங்கோ. எந்த ஒரு போலீஸும் தனியாக இதைத் தொடவே முடியாது.

எல்லாம் இணையத்தில்தான் என்றால், அந்த இணையமே விழுந்த அன்று நாடுகள் எப்படிப் பேசிக்கொள்ளும்?

இதைக் கேட்டவர் ஒரு பஸ் டிரைவர், மொத்தத்தில் நல்ல கேள்வி இதுதான்.

நீலகிரியில் 2009 நவம்பர் மழை நினைவிருக்கிறதா? மலை சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், ரோடு அறுந்தது, போனும் போய்விட்டது. பக்கத்துக் கிராமத்தில் என்ன ஆயிற்று என்று தெரிய நடந்துதான் போக வேண்டியிருந்தது. ஹேக்கர் புகுந்த கம்பெனியிலும் இதேதான். மெயில் போயிருக்கும், அல்லது போகாமல் இருக்கும், ஆனால் நீங்கள் எழுதுவதை அவனும் படித்துக்கொண்டிருப்பான். அதனால் முறையாகச் செய்கிறவர்கள் வேறு வழி ஒன்றைத் தனியாக வைத்திருப்பார்கள்: சம்பந்தமில்லாத இன்னொரு நெட்வொர்க்கில் போன், காகிதத்தில் அச்சடித்த பெயர்ப் பட்டியல், அந்தப் பக்கம் பேசுவது உண்மையிலேயே அவர்தானா என்று சரிபார்க்க முன்பே பேசிவைத்த ஒரு முறை. ஐரோப்பாவில் 2010லிருந்து நாடுகள் சேர்ந்து பெரிய ஒத்திகை நடத்துவதும் இந்த மாதிரி விஷயங்கள் உண்மையில் நடக்கிறதா என்று பார்க்கத்தான்.

என் கடைச் சுவரில் ஒரு அட்டை இருக்கிறது. 1930, மாவட்டப் பேரிடருக்கு 1077, வங்கி மேலாளர், இன்டர்நெட் கேபிள்காரர், இன்னும் மூன்று பேர். தை பிறந்ததும் வருடம் ஒருமுறை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். இந்தத் தடவை ஏழில் இரண்டு எண் வேலை செய்யவில்லை.